லாபம் போட்ட முதல் பக்கம்

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவனுக்கு ஓசியில் வராத பொருள் இந்த உலகத்தில் கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் சந்திலேயே ரப்பர் ஸ்டாம்பு கடை வைத்துக்கொண்டு பார்த்ததைச் சொல்கிறேன். கண்டாச்சிபுரம் பக்கமிருந்தோ பெருமுக்கல் பக்கமிருந்தோ ஒரு குடியானவன் வேர்க்கடலை மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால் போதும், மாதிரி பார்க்கிறேன் என்று முதலாளி ஒரு கை அள்ளுவார். அப்புறம் தரகர் ஒரு கை, கணக்கெழுதுகிறவர் ஒரு கை, தராசு பிடிக்கிறவன் ஒரு கை. நாலு காயை உடைத்துப் பருப்பைப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தராசுக்குப் பின்னால் வீசுவார்கள். மூட்டைக்குள் திரும்பப் போட்டவனை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் கூட்டி அள்ளினால் அது அரை மூட்டைக்குக் குறையாது. அதைத் தனியாக விற்றுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் திருட்டு இல்லை, மாதிரி.

இந்த உத்தமர்கள்தான் சூர்யகலாவைத் திருடி என்றார்கள். ஓசியில் வந்ததைக் காசுக்கு விற்றுவிட்டாளாம்.

சூர்யகலா கடை என் கடைக்குப் பக்கத்துக் கடை. இரண்டும் மண்டிக்காரர் சங்கத்துக் கட்டிடம், எட்டுக்குப் பத்து. தபாலில் பி.சி.ஏ. படித்தவள். வீடு பெருமுக்கல்லில். புருஷன் அய்யப்பன் லோடு ஆட்டோ ஓட்டினான், மண்டி மூட்டைகளை ரயிலடிக்கும் மில்லுக்கும் ஏற்றுவான். மாமியார் ஜெயம்மாள் இரண்டு காணி நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போடுவாள். மத்தியானம் பஸ் ஏறி மருமகளுக்குக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் மூட்டைக்கு என்ன விலை என்று சந்து முழுக்க விசாரித்துவிட்டுப் போவாள். சூர்யகலா மனு டைப் அடிப்பாள், ஜெராக்ஸ் எடுப்பாள், சாதிச் சான்றுக்கு விண்ணப்பம் போடுவாள். என் ஸ்டாம்புகளுக்கு எழுத்தைத் திருப்பிப்போட்டு பிலிம் தாளில் எடுத்துத் தருகிறவளும் அவள்தான். ஒரு பக்கம்தானே, பக்கத்துக் கடைதானே என்று நான் அதற்குக் காசு கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மண்டிகளில் எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார்கள், பிள்ளைகள் சீட்டு விளையாட. கணக்கு மட்டும் பழையபடி நோட்டில்தான். இணையத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்த கணக்கு சாப்ட்வேர் ஒன்று சும்மாவே கிடைத்தது. சும்மா என்றால் வெறும் சும்மா இல்லை. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் திறந்தே வைத்திருந்தார்கள், வேண்டியவர்கள் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். சூர்யகலா எட்டு மாதம் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினாள். மூட்டை, எடை, கழிவு, தரகு, இறக்குகூலி, பாக்கி என்று மண்டிச் சீட்டில் எதெல்லாம் உண்டோ அதெல்லாம் வரும்படி செய்தாள். கரண்ட் இல்லாத நேரத்தில் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, கரண்ட் வந்ததும் ஏற்றுவாள். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டு, மண்டியில் இதற்கு என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்று கேட்பாள்.

முடித்ததும் மண்டி மண்டியாகப் போனாள். இது இலவசம், போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொன்னாள். நானும் கூடப் போனேன், முதலாளிகளைத் தெரிந்தவன் என்பதால். ஒருத்தர் வாங்கவில்லை. சங்கத்துச் செயலாளர் சுப்பராயலு, எங்கள் இரண்டு கடைக்கும் வாடகை வாங்குகிறவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, சும்மா தர்ற பொருளில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்றார். கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டு அப்புறம் ரிப்பேருக்குக் காசு கேட்பாள் என்று தரகரிடம் சொன்னார். அவர் புத்தி அப்படித்தான் போகும், அவர் தொழில் அது.

அன்றைக்கு மத்தியானம் கூழ் ஊற்றிக்கொண்டே ஜெயம்மாள்தான் வழி சொன்னாள்.

"சும்மான்னு சொன்னா தொட மாட்டானுங்க. நான் மூட்டைய எறக்கசொல்ல வெல சொல்லாம நின்னா என்னையே சந்தேகமா பாக்கறானுங்க. மூவாயிரம்னு சொல்லிப் பாரு. ரெண்டாயிரத்தி ஐநூறுக்கு அடிச்சிப் பேசி, கெலிச்சிட்டோம்னு வாங்கிக்குவானுங்க."

அப்படியே நடந்தது. அடுத்த வாரம் போய் மூவாயிரம் என்றாள். வருஷம் முழுக்க மாதம் ஒரு முறை வந்து பார்ப்பேன், சீட்டில் மாற்றம் வேண்டுமென்றால் செய்து தருவேன், அதற்கும் சேர்த்து என்றாள். பதினொரு மண்டிக்காரர்கள் பேரம் பேசி இரண்டாயிரத்து ஐநூறுக்கு வாங்கினார்கள். அதே பொருள். வருஷம் முடிந்து திரும்பவும் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் எல்லாம் அடங்கிய சிடி ஒன்றைக் கொடுத்து, அதன் மேல் மார்க்கர் பேனாவில், இது யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் கையாலேயே எழுதியும் கொடுத்தாள். அவர்கள் சிடியை என்ன செய்தார்கள் தெரியுமா? நூலில் கட்டிக் காயவைக்கிற களத்தில் தொங்கவிட்டார்கள். வெயிலில் பளபளவென்று சுற்றினால் காக்கா வராது.

தப்பு ஒன்று நடந்தது. அது நடந்தபோது நான் அங்கே இருந்தேன். சுப்பராயலுவுக்குப் புது ஸ்டாம்பு கொண்டுபோயிருந்தேன். சூர்யகலா அவர் கம்ப்யூட்டரில் சாப்ட்வேரைப் போட்டுத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் இங்கிலீஷில் செய்தவர்கள் பெயரும், இது இலவசம் என்பது போன்ற விவரமும் வந்தது. சுப்பராயலுவுக்கு முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இது இன்னா மொத பக்கத்துல எவன் எவன் பேரோ வருது? கணக்குப் பொஸ்தகம்னா புள்ளையார் சுழி போட்டு லாபம்னு எழுதித்தான் தொறக்கணும். எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான். இத எடுத்துட்டு அத போடு."

"இல்லீங்க மொதலாளி, செஞ்சவங்க பேரு இது. இருக்கணும்."

"இருந்துக்கினு போவட்டும், வேற எங்கனா. மொத பக்கத்துல கூடாது. லாபம்னு வராத பொஸ்தகத்துல நான் கணக்கு எழுத மாட்டேன். இன்னா வேங்கடேசா, நான் சொல்றது சரிதான?"

சரிதான் மொதலாளி என்றேன் நான். என்னிடம் யார் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். சூர்யகலா திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். அந்தப் பெயர்களை வைக்க அவளுக்கு வேறு இடம் அப்போது தோன்றவில்லை போலிருக்கிறது. எடுத்துவிட்டாள். திரை திறந்ததும் சந்தனப் பொட்டு நிறத்தில் பிள்ளையார் சுழி, கீழே லாபம். மற்ற பத்து மண்டிக்காரர்களும் அதையே கேட்டார்கள். பதினொரு இடத்திலும் செய்தவர்கள் பெயர் போய் லாபம் வந்தது. தப்பு அவளுடையதுதான், அவளே பிறகு அப்படித்தான் சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசியில் தானே என்று பெயர் வைத்த புயல் வந்தது. புளியமரம் முறிந்து அய்யப்பனின் ஆட்டோ மேல் விழுந்தது. ஆள் உள்ளே இல்லை. ஆட்டோ மட்டும் தட்டையாகிவிட்டது. ஒரு வாரம் கரண்ட் கிடையாது. ஜெயம்மாளின் நிலத்தில் தண்ணீர் நின்று பூ விட்ட மல்லாட்டை அழுகியது. பொங்கலுக்குப் பானை வைக்கும்போது அந்தக் குடும்பத்துக்கு இருந்தது அந்த எட்டுக்குப் பத்து கடை ஒன்றுதான்.

அந்தப் பொங்கலுக்கு சுப்பராயலுவின் மகன் பிரேம்குமார் சென்னையிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கழுத்தில் கம்பெனி அட்டை. பொங்கலுக்கு வீட்டில் கரும்பு கடிக்கும்போதும் அதைக் கழற்றவில்லை. அப்பாவின் மண்டியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தட்டினான். இது ஓப்பன் சோர்ஸ் ஆச்சே, நெட்ல சும்மா கிடைக்குதே, செய்தவன் பெயரை அழித்துவிட்டு உங்களுக்கே வித்திருக்கிறாள் என்றான். சந்து முழுக்கப் பரவ அரை மணி நேரம் ஆகவில்லை. ஓசியில் கிடைத்ததற்குக் காசு கொடுத்துவிட்டோம் என்பதைவிடப் பெரிய அவமானம் ஒரு மண்டிக்காரனுக்கு இருக்க முடியாது. சிலருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சங்கம் கூடுகிறது என்று அய்யப்பன் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வாங்கிய காசு அத்தனையும் திருப்பிக் கொடுத்து, சங்கத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் தை முடிவதற்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். கூட்டத்தன்று காலையில் அய்யப்பன் என் கடைக்கு வந்தான். மரம் விழுந்ததிலிருந்து அவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தான், ஓட்ட வண்டியில்லாதவன் நடை.

"அண்ணா, சும்மா குடுக்கசொல்ல நீங்க கூட இருந்தீங்க. லாபம் போடச் சொன்னப்பவும் இருந்தீங்க. அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் சொல்லிடுங்கண்ணா. கடையும் போச்சின்னா எங்களுக்கு வேற ஒண்ணுங் கெடையாது."

பார்த்துக்கலாம் போ என்றேன். நல்லபடியாகத்தான் சொன்னேன். அவன் போனபிறகு மேசை இழுப்பறையைத் திறந்து என் கடை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதுவும் தையோடு முடிகிறது. புதுப்பித்துக் கையெழுத்துப் போடவேண்டியவர் சுப்பராயலு.

கூட்டம் அவர் மண்டியிலேயே நடந்தது. வாசலில் ஒரு குடியானவன் எடை போடாத மூட்டை மேல் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்தான். அவிழ்த்திருந்த பக்கத்து மூட்டையில் சுப்பராயலு கை விட்டு அள்ளி, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே விசாரணை செய்தார். சும்மா வந்ததை விற்பது என்ன தருமம் என்று கேட்டார். மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். பாதிப் பேர் வாயில் மல்லாட்டை இருந்தது. பிரேம்குமார் நின்றுகொண்டு, லைசென்ஸ், காப்பிரைட் என்று நாலு வார்த்தை சொன்னான். அவன் படித்ததே பாதி, அதில் சொன்னது கால். மூட்டைக்காரன் மட்டும் தன் மல்லாட்டை போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சூர்யகலா நிதானமாகத்தான் பேசினாள். நான் முதலில் சும்மாதான் கொண்டுவந்தேன், நீங்கள் யாரும் தொடவில்லை என்றாள். யாருக்கும் நினைவில்லை. இதை யாரும் காசு வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம், அதை எழுதினவர்களே அப்படிச் சொல்லித்தான் விட்டிருக்கிறார்கள், நான் வாங்கியது என் எட்டு மாதத்துக்கும் மாதாமாதம் வந்து போவதற்கும் என்றாள். பிரேம்குமார் பேச்சை மாற்றினான், அப்படியென்றால் பெயரை ஏன் மறைத்தாய் என்று கேட்டான். மறைக்கவில்லை, சிடியில் எல்லாம் இருக்கிறது, மேலேயே எழுதியிருக்கிறேன் என்று களத்தைக் காட்டினாள். ஒருத்தன் போய் நூலை அறுத்துக் கொண்டுவந்தான். இரண்டு வருஷ வெயிலும் புயல் மழையும் மார்க்கர் எழுத்தைச் சுத்தமாகத் துடைத்திருந்தன. அதில் சுப்பராயலுவின் முகம்தான் தெரிந்தது.

"மொத பக்கத்த எடுக்கச் சொன்னது நீங்கதான் மொதலாளி. லாபம் போடச் சொன்னீங்க."

"நானா? நான் எங்கம்மா சொன்னேன்? எனக்கு கம்ப்யூட்டர தொறக்கவே தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க இருந்தீங்களே. சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுப்பராயலு பார்க்கவில்லை. அவர் குனிந்து இன்னொரு கை அள்ளினார். அவருக்கு என்னைத் தெரியும்.

"ரெண்டு வருசம் ஆச்சேம்மா," என்றேன். "எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் என்னை ஒரு நொடிதான் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். முகவரி தப்பாக வந்த தபாலைப் பார்க்கிறது போலப் பார்த்துவிட்டு, சுப்பராயலு பக்கம் திரும்பினாள்.

"மன்னிப்பு நான் கேக்கணும், இல்லன்னு சொல்லல. செஞ்சவங்க பேர எடுத்தது தப்பு. கேக்க வேண்டியது அவங்கக்கிட்ட. உங்கக்கிட்ட இல்ல. நீங்க குடுத்தது என் கூலி, அத திருப்பித் தர மாட்டேன். கடைய காலி பண்ணிட்டுப் போறேன்."

கூட்டம் அத்தோடு முடிந்தது. மூட்டைக்காரனை எடைக்குக் கூப்பிட்டார்கள். கடைக்கு அவள் கொடுத்திருந்த அட்வான்ஸைச் சங்கம் எடுத்துக்கொண்டது. என் ஒப்பந்தத்தில் அதே வாரம் கையெழுத்துப் போட்டார் சுப்பராயலு, வாடகையை நூறு ரூபாய் ஏற்றி.

அந்த மாதத்து முறைக்கு அவள் பதினொரு மண்டிக்கும் போனாள். வாங்கின காசுக்கு வருஷம் முடியவில்லை, அதனால் போனாளாம். புத்தி இருக்கிறவள் யாராவது போவாளா என்று அன்றைக்கு நினைத்தேன். சீசன் வருகிறது, கணக்கு நிற்கக்கூடாது என்று மண்டிக்காரர்களும் வாயை மூடிக்கொண்டு உட்காரவிட்டார்கள். எல்லாவற்றையும் சரிபார்த்து, எடுத்த முதல் பக்கத்தைத் திரும்ப வைத்தாள், இந்த முறை தமிழில். பிள்ளையார் சுழியும் லாபமும் இரண்டாம் பக்கத்துக்குப் போயின. பிறகு அய்யப்பன் இரவல் வாங்கிவந்த மீன்பாடி வண்டியில் கம்ப்யூட்டரையும் ஜெராக்ஸ் மிஷினையும் ஏற்றினார்கள். ஜெயம்மாள் கடைசியாகக் கடையைக் கூட்டிக் குப்பையை முறத்தில் அள்ளி, சுப்பராயலுவின் மண்டி வாசலில் கொட்டிவிட்டு, மாதிரி பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மாதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் பக்கத்தை மாற்ற பிரேம்குமாரை வரவழைத்தார்கள். சனிக்கிழமை வந்து ஞாயிறு மத்தியானம் வரைக்கும் தட்டிப் பார்த்தான். எல்லாம் திறந்துதான் இருந்தது, எழுதினது எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. படிக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை. ஆபீசில் ஜல்தி வேலை என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான்.

சித்திரை ஒன்றாம் தேதி மண்டிகளில் புதுக்கணக்கு. நோட்டுப் புத்தகத்தோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, திரையைத் திறந்துவைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். சுப்பராயலு மண்டியில் சுண்டலுக்காக நானும் நின்றிருந்தேன். திரையில் வெளிநாட்டுப் பெயர்கள் வரிசையாக வந்தன. அதற்குக் கீழே, இதை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், கொடுக்கக் காசும் வாங்கலாம் என்று வந்தது. கடைசியில், தமிழில் திருத்தியவர் சூர்யகலா, பெருமுக்கல். சுப்பராயலு அதற்கு மூன்று சுற்றுக் கற்பூரம் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். அதை வரி வரியாகப் படித்தவன் நான் ஒருத்தன்தான், நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் படித்தேன்.

ஆனி மாதம் ஒரு நாள் சூர்யகலா என் கடைக்கு வந்தாள். பழைய ஆட்டோ ஒன்றை அய்யப்பன் தவணையில் எடுத்திருந்தான், சந்து முனையில் நிறுத்திக்கொண்டு உள்ளே வரவில்லை. அவள் இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மரக்காணத்தில் மீன் ஏலக் கணக்குக்கும், கண்டாச்சிபுரத்தில் நாலைந்து மளிகைக் கடைக்கும் அதே சாப்ட்வேரை மாற்றிக் கொடுத்திருக்கிறாளாம். நடைக்கு இவ்வளவு என்று வாங்குகிறாளாம். ஒரு ஸ்டாம்பு வேண்டும் என்று தாளை நீட்டினாள். எழுத்தை அவளே திருப்பிப்போட்டு பிலிம் தாளில் எடுத்து வந்திருந்தாள். சாப்ட்வேர் இலவசம் என்று ஒரு வரி, வேலைக்குக் கூலி உண்டு என்று ஒரு வரி.

உட்காரச் சொன்னேன், நின்றாள். டீ சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். அந்த ஸ்டாம்பை நான் செய்ததுபோல என் தொழிலில் வேறொன்றைச் செய்ததில்லை. ஓரத்தைப் பிளேடால் நாலு தடவை சீவினேன், நல்ல தேக்குக் கைப்பிடியாகத் தேடி ஒட்டினேன். மையில் ஒற்றி அழுத்திக் காட்டினேன். எழுத்து கல்லில் வெட்டினதுபோல விழுந்தது.

எவ்வளவு என்று கேட்டாள்.

"காசெல்லாம் எதுக்கும்மா. நம்ம கடை."

"எவ்ளோன்னு சொல்லுங்கண்ணா. சும்மா வாங்கிக்கினு போவ மாட்டேன்."

நூற்றிருபது என்றேன். எண்ணி வைத்தாள். பில் போடச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சந்தில் என்னிடம் பில் கேட்ட ஆள் அவள்தான். பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, கார்பன் வைத்தேன். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அன்னிக்கு மண்டியில நான் சொல்லியிருக்கணும்மா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துது."

அவள் பில்லை வாங்கி இரண்டாக மடித்து, ஸ்டாம்போடு பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எந்த அன்னிக்கு?" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்லீங்கண்ணா."